இடிந்து கிடந்தால் ஒன்றும் இல்லாததாகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒருநாள் சுற்றுலாப் பகுதியில் எங்கள் அழகர்மலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி: “வழியில் இடிந்த கோட்டைச் சுவர்களைத் தவிர வேறொன்றும் இல்லை, வண்டியை நிறுத்தாமல் நேரே பழமுதிர்சோலைக்குப் போய்விடலாம்.” அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் பொய்கைக்கரைப்பட்டியில் பிறந்து அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாசி மாதம் அழகர் எங்கள் ஊர்த் தெப்பக்குளத்துக்கு எழுந்தருளுவதை வருடா வருடம் படம் போடுகிறவர்கள் நீங்கள். அவர் புறப்பட்டு வருவது எந்தச் சுவர்களைத் தாண்டி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அழகர் கோயிலைச் சுற்றிய உள்கோட்டைக்கு இரணியன் கோட்டை என்றும் வெளிக்கோட்டைக்கு அழகாபுரிக் கோட்டை என்றும் பெயர். சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். வந்து எழுதியவரிடம் ஒருவர்கூடவா சொல்லவில்லை?

கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் வந்தபோது நான் வண்டியை நிறுத்தத்தான் சொன்னேன். சுவரோரமாக அவர்களை நடத்திக் கூட்டிப் போனேன். பாதியில் நின்றுபோன ராயகோபுரத்தைக் காட்டினேன். திருமலை நாயக்கர் காலத்து வேலை என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிலைக்கால் கல்லில் இருக்கிற கொடி வேலைப்பாட்டைப் பிள்ளைகள் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். “அத்தை, இதை ஏன் முடிக்காம விட்டாங்க?” என்று பெரியவன் கேட்டான். அதைச் சொல்ல அங்கே ஆளும் இல்லை, ஒரு பலகையும் இல்லை. இருந்ததெல்லாம் சிப்ஸ் உறைகளும், சுவர் இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்றும்தான். கல்லுக்குள் அரசு வேர் இறங்கினால் என்ன ஆகும் என்று வீடு கட்டின எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கன்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள் என்று நானே ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அது எங்கள் கணக்கில் வராது, பக்கத்து அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் இங்கே கை காட்டினார்கள். இதையும் அப்போதே உங்களுக்கு எழுதிப் போட்டேன். அந்தக் கடிதம் வெளிவரவே இல்லை. அதற்காகக் கோபப்படவில்லை, இடம் இல்லாமல் இருந்திருக்கும். ஆனால் ‘வேறொன்றும் இல்லை’ என்று எழுத மட்டும் இடம் கிடைத்ததே என்பதுதான் என் வருத்தம்.

பரிபாடலில் ஒரு பாட்டு முழுக்க இந்த மலையைப் பற்றியது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்கிறவர் திருமால் குன்றம் என்று இந்த மலையையும், இங்கே உள்ள மூன்று பொய்கைகளையும் சொல்லித்தான் அனுப்புகிறார். ஆண்டாள் இந்தச் சோலை அழகருக்கு நூறு தடா, அதாவது நூறு பானை, வெண்ணெய் நேர்ந்தாள். ஐப்பசியில் எண்ணெய் சாத்தும் தைலக்காப்புக்கு அழகர் இன்றும் மலைமேல் இருக்கிற நூபுர கங்கைத் தீர்த்தத்துக்குத்தான் ஏறிப் போகிறார்.

மலையின் கிடாரிப்பட்டிப் பக்கம் இன்னொரு உலகம் இருக்கிறது. நாங்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்போம். சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் அவை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில், செய்துகொடுத்தவர்களின் பெயரும் தொழிலும் அங்கே வெட்டியிருக்கிறது. மதுரைப் பொன்கொல்லர் ஒருவர், துணி வணிகர் ஒருவர், ஏர்க்கொழு விற்ற வணிகர் ஒருவர். ராசா இல்லை, மந்திரி இல்லை, கடை வைத்துப் பிழைத்த நம்மைப் போன்ற மதுரைக்காரர்கள். நான் கடைசியாக ஏறியபோது அந்தப் பாறையடியில் உடைந்த மது பாட்டில் கிடந்தது. குழந்தைகள் வெறுங்காலோடு வருகிற இடம், ஐயா.

அப்புறம் குரங்குகள். பிஸ்கட் கொடுத்துப் பழக்கிவிட்டு, பையைப் பிடுங்குகிறது என்று அதையே திட்டுகிறார்கள். சோலையில் நாவலும் அத்தியும் பழுக்கிற காலத்தில் அவற்றுக்கு யார் தயவும் வேண்டாம். உங்கள் கட்டுரையிலோ “குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்து மகிழலாம்” என்று இருக்கிறது. தயவுசெய்து இனி அப்படி எழுதாதீர்கள்.

ஒரு வரிக்கு இவ்வளவா என்று உங்களுக்குத் தோன்றலாம். பக்கத்து அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இல் அரசே அறிவித்த மலை அது. குடைவரைக் கோயிலும் கல்வெட்டும் இருக்கின்றன, வல்லூறுகளும் தேவாங்கும் எறும்புதின்னியும் வாழ்கின்றன. அப்படி இருந்தும் 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போட்டார்கள். மேலூர்ப் பக்கத்துச் சனம் மதுரைக்கே திரண்டு வந்து போராடிய பிறகுதான் 2025 சனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மலையில் என்ன இருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, அதை உங்களைப் போன்ற பத்திரிகைகளும் எடுத்துச் சொன்னன. ஒரு மலையை ஒன்றும் இல்லாத இடம் என்று அச்சில் ஏற்றிவிட்டால், நாளை எவன் வந்து கேட்டாலும் மறுக்க நம்மிடம் என்ன பேச்சு இருக்கும்?

கோட்டையை எடுத்துக் கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. சுவர் ஓரத்தில் இது இன்ன கோட்டை, இன்ன காலம் என்று தமிழில் ஒரு பலகை வைக்கச் சொல்லி, உரியவர்கள் பார்வைக்குப் படும்படி நீங்கள் ஒரு செய்தி போட வேண்டும். அடுத்த இணைப்பிதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வர வேண்டும், இரண்டு வரி போதும். எந்த வாரம் வருகிறது என்று முன்கூட்டியே தெரிவித்தால், எங்கள் ஊர்ப் பத்திரிகைக் கடையில் கூடுதல் பிரதிக்குச் சொல்லி வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பொய்கைக்கரைப்பட்டி, மதுரை மாவட்டம்