அப்பாவின் 'வாய்வை'ப் பார்த்த எல்லோருக்கும்

அன்புடையீர்,

அப்பா வாய்வு என்று சொன்னது நெஞ்சு வருத்தமாகிப்போன அன்று உதவியவர்களில், பெயர் தெரிந்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல், அந்த அந்தரத்தில் பெயர் கேட்க மறந்துபோனவர்களுக்கு.

முதல் நன்றி எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு. ஊரில் 'மிட்வைஃப் மிஸ்' என்றால்தான் தெரியும். அன்று காலை அவர் வந்தது அப்பாவுக்காக அல்ல. தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து ஒரு கிழமை. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர்களுடைய வேலை. பிள்ளையின் தொப்புளைப் பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவர், திண்ணைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அங்கே அப்பா நெஞ்சைத் தடவியபடி ஓமத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். விடியத் தொடக்கம் "வாய்வு, வாய்வு" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிசன்.

மிஸ் பேனையை மூடினார். "ஐயா, இந்தக் காத்துக்குள்ள உங்கட சேட் மட்டும் ஏன் நனைஞ்சிருக்கு?" என்றவர், பதிலுக்கு நிற்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடியுங்கோ" என்றார்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, வருத்தம் வருமுன்னே வீடு தேடிப் போகிற முறையை இலங்கையில் கொண்டுவந்தார்கள் என்று படித்திருக்கிறேன். படித்தது பரீட்சைக்குத்தான் உதவும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்தது 1990 அம்புலன்ஸில் வந்த இருவர். இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை, 2018இல்தான் எங்கள் பக்கம் வந்தது. அதற்கு முன்னர் என்றால் ஓட்டோ தேடி ஒழுங்கை ஒழுங்கையாக ஓடியிருப்போம். அப்பாவோ சாரத்தோடு ஏறமாட்டேன், வேட்டி கொண்டு வா என்று நின்றார். "ஐயா, அங்க எல்லாரும் சாரத்தோடதான் படுத்திருக்கினம், வாங்கோ" என்று அந்தத் தம்பி சொன்னதும் பேசாமல் ஏறினார். வழியில் மூன்று தரம் "எவ்வளவு தம்பி?" என்று கேட்டாராம். மூன்று தரமும் தம்பி பிரஷரைப் பார்த்துக்கொண்டே "ஒண்டும் இல்லை ஐயா" என்றிருக்கிறார்.

மந்திகை ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த கையோடு, இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்ட வைத்தியருக்கும் தாதியருக்கும் என்ன சொல்வது? பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். வழியிலுள்ள வல்லைவெளியைக் கடக்கும்போது எனக்கு வயிறு கலங்கியது. கூட வந்த தாதி, மொனிட்டரில் வைத்த கண்ணை எடுக்காமல், "பிள்ளை, வெளியில பாக்காதேங்கோ, அப்பாவோட கதையுங்கோ" என்றார்.

யாழ் போதனா வைத்தியசாலையில் இருதயக் குழாய்களைப் பார்க்கிற அஞ்சியோகிராம் செய்தவர்களின் கெட்டித்தனத்தை அளக்க எனக்கு அறிவு போதாது. எனக்கு விளங்கியது தள்ளுவண்டி தள்ளிய சிற்றூழியர் அண்ணையின் கெட்டித்தனம். நடைபாதையில் நிலம் பொருந்துகிற இடம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, "ஐயா, ஒரு சின்ன மேடு" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போனார்.

எல்லா இடத்திலும் தேன் ஓடியது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். பிறகு ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், விடியப்புறம் நம்பர் எடுத்துப் பதினொரு மணி வரை இருந்தோம். ஒரு குளிசை இல்லையென்று வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தார்கள். கேள்வி கேட்ட அம்மாவுக்கு ஏச்சும் விழுந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், நின்றவர்களின் தலையில்தான் எல்லாச் சுமையும் என்று தெரியும். ஆனாலும் ஏச்சு ஏச்சுத்தான்.

யாழ்ப்பாணத்தில் துண்டு வெட்டி அப்பாவை வீட்டுக்கு விட்ட அன்று அம்மா சங்கிலியை அடைவு வைக்கிற யோசனையோடுதான் வந்தவா. அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை 1951இலேயே நிறுத்திவிட்டார்கள். அது அம்மாவுக்கும் தெரியும். என்றாலும் நெஞ்சு வருத்தத்துக்குக் காசில்லாமல் விடுவார்களா என்ற சந்தேகம். வோட் மிஸ் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பைகளையும் தந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றா.

இப்போது அப்பா குளிசையை நேரம் தவறாமல் போடுகிறார். அது வாய்வுதான் என்று இன்னும் சொல்கிறார். மிட்வைஃப் மிஸ், பிள்ளையை நிறுக்க வரும் நாளை முதலே சொல்லிவிடுங்கள். உங்களுக்கென்று அப்பா முருங்கைக்காய் பிடுங்காமல் விட்டிருக்கிறார், முற்றிக்கொண்டு போகிறது.

நன்றியுடன்,
வடமராட்சியிலிருந்து மூத்த மகள்