எங்கிருந்து கேட்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

செவித்திறன் பரிசோதனை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை ‘எவ்வளவு கேட்கிறது’ என்பதோடு நின்றுவிட்டது. ‘எங்கிருந்து கேட்கிறது’ என்பதையும் சேர்த்திருக்கலாம்.

சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து என் வலது காது அடியோடு போயிற்று. இடது காதில் குறையில்லை. அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். வீட்டுக்குள் அடிக்கும் கைப்பேசியை அது ஓயும்வரை தேடுவேன்.

வலப்பக்கத்துச் சத்தத்தை வாங்கி இடது காதுக்கு அனுப்பும் கருவி ஒன்றைப் போன வருடம் மாட்டிவிட்டார்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பேச்சு தெளிவாகக் கேட்டது, சந்தோஷம்தான். இரண்டாவது வாரமே, சைக்கிள் மணி கேட்டு ஒதுங்குகிறேன் என்று நேராக அந்தச் சைக்கிளின் மேலேயே போய் விழுந்தேன்.

அப்புறம்தான் வேறோர் இடத்தில் திசை அறியும் பரிசோதனை செய்தார்கள். அரைவட்டமாக ஸ்பீக்கர்கள், நடுவில் நாற்காலி. தலையை அசைக்கக் கூடாது. எந்த எண் ஸ்பீக்கர் என்று சொல்ல வேண்டும். முதலில் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னேன். சத்தம் பெரிதாக இருந்தால் இடப்பக்கம், மந்தமாக இருந்தால் வலப்பக்கம் என்று குத்துமதிப்பாக அடித்துவிட்ட விடைகள் அவை. பரிசோதித்த பெண்மணி கெட்டிக்காரர். சத்தத்தைத் தாறுமாறாக ஏற்றி இறக்கிவிட்டார். அவ்வளவுதான், என் குட்டு வெளிப்பட்டது. எல்லாமே இடப்பக்கம் என்றேன். கருவியோடும் அதே கதை.

காரணத்தையும் அவரே சொன்னார். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதை எட்டியபின் மற்றதை எட்ட ஆகும் நேரம், ஒரு நொடியில் 1000இல் ஒரு பங்குகூட இல்லையாம். அந்த வித்தியாசத்தையும், தலை மறைப்பதால் சத்தம் சற்றுக் குறைவதையும் வைத்துத்தான் மூளை இடம் வலம் பார்க்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே காதில் கொட்டினால் ஒப்பிட எது இருக்கிறது? ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு காதாகப் பார்க்கும் வழக்கமான சோதனையில் இது தெரியவே தெரியாது.

ஸ்பீக்கர் வளையம் எல்லா இடத்திலும் வைக்க முடியாது, சரி. கண்ணை மூடச் சொல்லி, நாலு பக்கமும் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கி, கைகாட்டச் சொல்லலாமே. கருவி மாட்டும் முன்பு ஒரு முறை, மாட்டிய பின்பு ஒரு முறை. “இது திசை காட்டாது, ரோட்டில் கண்ணை நம்புங்கள்” என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முழங்கை தப்பியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்