மூன்று மரியாக்களும் ஒரு குக்கரும்

மெக்சிகோ சிட்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? "பருப்பு ஒழுங்கா வேகுதாடி" என்று போன வாரம் கேட்டாயே, இப்போது வேகிறது. இந்த ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெறும் பானையில் வைத்தால் எத்தனை நேரமானாலும் நறுக் நறுக்கென்றே கிடக்கும். கீழ்வீட்டு சென்யோரா (நம்மூர் 'அம்மா' மாதிரி மரியாதையாகக் கூப்பிடுவது) தன் பழைய குக்கரைக் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லப் போனவள்தான், அவர் வீட்டு டிவி முன்னால் மாட்டிக்கொண்டேன்.

இங்கேயும் சீரியல்தான் அம்மா. தெலெநொவேலா என்பார்கள். அவர் பார்ப்பதெல்லாம் முப்பது வருஷப் பழசு, தாலியா நடித்தவை. (பெயரே அப்படித்தான், நம் தாலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1971ல் இதே ஊரில் பிறந்தவள். சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மாதான் எல்லாம், பின்னால் மேனேஜரும் அவரே. 1986ல் டிம்பிரிச்சே என்ற சிறுசுகள் பாட்டுக்குழுவில் சேர்ந்தாள். அடுத்த வருஷமே கின்சியான்யேரா தொடரில் நாயகிகளில் ஒருத்தி. இங்கே பெண்ணுக்குப் பதினைந்து வயசானால், நம்மூர் சடங்கு மாதிரி சொந்தபந்தத்தைக் கூட்டி விழா எடுப்பார்கள். அந்த விழாவின் பெயர்தான் அது.

அப்புறம்தான் மூன்று மரியாக்கள். 1992ல் லாட்டரிச் சீட்டு விற்கும் மரியா மெர்செடெஸ், 1994ல் கடற்கரைக் குடிசையில் தாத்தா பாட்டியோடு இருக்கும் மரிமார், 1995ல் குப்பை பொறுக்கும் மரியா. மூன்றும் ஒரே கதைதான்: ஏழைப் பெண், பணக்காரப் பையன், ஒரு வில்லி. டைட்டில் பாட்டையும் அவளே பாடிவிடுவாள்.

மரிமாரில் ஒரு இடம். வில்லி ஒரு வளையலைச் சேற்றில் வீசி, பல்லால் கவ்வி எடு என்கிறாள். இவளும் மண்டியிட்டு, முகத்தைச் சேற்றில் வைத்து எடுக்கிறாள். எனக்கு மொழி பாதிதான் புரிந்தது, கண்ணீர் மட்டும் முழுசாக வந்தது. சென்யோரா பல தடவை பார்த்தவர், அழவில்லை. "பொறு, பணக்காரியாகித் திரும்பி வருவாள்" என்று என் தொடையில் தட்டினார்.

அந்த மரிமார் பிலிப்பைன்ஸில் போட்ட போடு கொஞ்சமில்லையாம். 1996ல் அவள் மணிலாவுக்குப் போனபோது ஜனம் திரண்டது. அடுத்த வருஷம் அவர்கள் மொழியிலும் பாடி ஆல்பம் போட்டாள்.

2000த்தில் ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனித் தலைவரைக் கட்டிக்கொண்டு நியூயார்க்கோடு போய்விட்டாள். அங்கிருந்தே பாட்டு, ஆல்பம் எல்லாம். சீரியல் மட்டும் 1999ல் வந்த ரோசாலிண்டாவோடு சரி. சென்யோராவுக்கு அதில்தான் கோபம். "போய்ட்டா" என்று ஒரே வார்த்தையில் முடிப்பார். ஆனால் 2002ல் அவள் அக்காமார் இரண்டு பேரை இந்த ஊரில் கடத்தினார்களே, அதைச் சொல்லும்போது மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்தார். ஒருத்தி 18 நாளில் வந்தாள், இன்னொருத்தி 34 நாளில். முதலில் வந்தவள்தான் மரியா மெர்செடெஸில் வில்லி. "சீரியல்ல எவ்வளவு திட்டியிருப்பேன், அன்னிக்கு அவளுக்காக மெழுகுவத்தி ஏத்தினேன்" என்றார்.

ஒன்று சொல்லணும். இங்கே சீரியலை சில மாசத்தில் முடித்துவிடுகிறார்கள். உன் சீரியலில் நான் கிளம்பும்போது ஆரம்பித்த கல்யாணம் என்னாச்சு, தாலி ஏறியதா?

நேற்று சென்யோரா, "நீ கிளம்பினப்போ உங்கம்மா கோபப்படலையா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் அதற்குப் பதில் இல்லை. குக்கர் விசில் வருகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீ ராத்திரி எட்டரைக்கு சீரியலுக்கு உட்காரும்போது எனக்குக் காலை ஒன்பது. சனிக்கிழமை லீவுதான், விளம்பரம் போடும்போது கூப்பிடு. பெருங்காயம் தீர்ந்துவிட்டது.

உன் மகள்