கரைப்பான் ஆவியால் கைகால் மரத்துப்போகும் அச்சக ஊழியர்களுக்காக மீண்டும் ஒரு கோரிக்கை

பெறுநர்:
பணியிடப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
சிங்கப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் அச்சகம் ஒன்றில் வேலை செய்யும் நாங்கள், முன்பு அனுப்பிய புகார்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம். அங்குள்ள கூடங்களைத் தாங்கள் அறிவீர்கள். ஏசிக் குளிர் வெளியேறிவிடும் என்று சன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள்.

1. அச்சு உருளைகளில் ஒட்டிய மையைத் துடைக்கும் திரவத்தில் என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் இருப்பதாகக் கலனில் ஒட்டிய தாளே சொல்கிறது. இதன் ஆவி காற்றைவிடக் கனமானது. கூரையில் சுழலும் மின்விசிறி அதை வெளியேற்றாது. எங்களுக்குத் தந்திருப்பவை மெல்லிய ரப்பர் கையுறையும் தூசிக்கான முகக்கவசமும்தான்.

2. துடைக்கும் இடத்தில் நெடுநாள் நின்ற எங்கள் சக ஊழியரான அண்ணன் ஒருவருக்கு முதலில் கால்விரல்கள், பிறகு பாதம், இப்போது கைவிரல்களும் மரத்துவிட்டன. செருப்பு கழன்று விழுந்தால் அவருக்குத் தெரிவதில்லை. பின்னால் வருபவர் எடுத்துத் தருகிறார். லாரியிலிருந்து இறங்கும்போது கால் தரையைத் தொட்டதா என்று குனிந்து பார்க்கிறார். தங்குவிடுதியில் ஏணிப்படி தவறி விழுந்ததால் கீழ்ப்படுக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்தோம். வெந்நீர் கொட்டிப் பாதம் கொப்பளித்ததைக்கூட நாங்கள் சொல்லித்தான் அறிந்தார். சர்க்கரை நோய் இல்லை என்று இரத்தப் பரிசோதனை காட்டிவிட்டது. அதன்பின் மருத்துவர் கேட்டது, என்ன ரசாயனத்தில் வேலை என்றுதான்.

3. அவரைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம், ஆகவே பிரச்சினை தீர்ந்ததாம். ஐயா, இது எந்த ஊர் நியாயம்? ஹெக்சேன் உடலுக்குள் வேறொரு நச்சாக மாறி, நீண்ட நரம்புகளை முதலில் தாக்குகிறது. அதைவிட்டு விலகிய பிறகும் சில மாதங்கள் நோய் முற்றக்கூடும். இடம் மாறிய பிறகுதான் அவருக்குக் கையில் பிடிமானம் போனது! அவர் நின்ற இடத்தில் ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பியை நிறுத்தியிருக்கிறார்கள். அவனுக்கும் கால் மரத்துப்போனால் எந்தப் பகுதிக்கு மாற்றுவார்கள்?

4. காற்றை அளந்து பாருங்கள். சொல்லிவிட்டு வராதீர்கள், சொன்னால் அன்று கதவெல்லாம் திறந்திருக்கும்.

5. ஆவி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் குழாய் வேண்டும், ஹெப்டேன் போன்ற மாற்றுத் திரவம் வேண்டும், அண்ணன், தம்பி இருவருக்கும் நரம்புகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை வேண்டும். 2019ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வேலையால் வரும் நோய்க்கும் வெளிநாட்டு ஊழியருக்கும் பொருந்தும் என்பதைத் தாங்கள்தான் முதலாளிக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். அவரோ அண்ணனை ஊருக்கு அனுப்பும் விமான டிக்கெட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.

மீண்டும் கேட்கிறோம், ஐயா: வந்து காற்றை அளந்து பாருங்கள். விசாரணை முடியும்வரை அண்ணனை ஊருக்கு அனுப்ப விடாதீர்கள். எங்கள் பெயர்களும் வேலை அனுமதி எண்களும் தனித்தாளில் உள்ளன. அந்தத் தாளை முதலாளியிடம் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
அச்சக ஊழியர்கள்