வலி மாத்திரையும் தண்ணீரும்: ஓட்டக்காரர்களுக்காக ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் கோரிமேட்டில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயது 49. ஆறு வருடமாக ஓடுகிறேன். வரும் ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். டர்பனில் கிளம்பி, 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே அந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை, மேட்டுப் பாதையில் சுமார் 86 கிலோமீட்டர். 12 மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். அதற்கு ஒரு விநாடி பிந்தி வந்தாலும் பதக்கம் இல்லை. சமீப வருடங்களில் நம் நாட்டிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே போகிறார்கள்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் நீண்ட தூர ஓட்டத்துக்குத் தயாராவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். காலணி, தூக்கம், சாப்பாடு பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் "தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு தண்ணீர் குடியுங்கள்" என்று ஒரு வரி இருந்தது. கடைசியில், "வலி இருந்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாம்" என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதில் என் கையும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல் அது. நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமைதோறும் சேர்ந்து ஓடுவோம். அந்த வாரம் கோரிமேட்டிலிருந்து ஏற்காடு ஏரி வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். வெள்ளிக்கிழமை ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவர் வந்தார். கணக்கு வாத்தியார், என்னைவிட எட்டு வயது சின்னவர். "அண்ணே, முட்டி லேசாப் பிடிக்குது. நாளைக்கு விடக் கூடாது. ஏதாவது குடுங்க" என்றார். டைக்ளோஃபெனாக் 50 அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் நான்கு மாத்திரை வெட்டி, பழைய பில் தாளில் மடித்துக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை. தெரிந்தே கொடுத்தேன். நம்ம ஆள், நாளைக்கு எனக்குப் பக்கத்தில்தானே ஓடப்போகிறார் என்ற எண்ணம்.

காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அவருடைய மச்சான் பைக்கில் இரண்டு தண்ணீர் கேனோடு கூடவே வந்தார். பாசத்தில்தான் வந்தார். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, "குடிங்க மாமா, குடிங்க, வெயில் ஏறப்போவுது" என்று டம்ளரை நீட்டினார். ஏறும்போது எல்லாம் நன்றாக இருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் வர, ஏரிக்கரையில் டீ குடித்தோம். அங்கேதான் வாத்தியார் இரண்டாவது மாத்திரையைப் போட்டார்.

இறங்கும்போது பத்து மணி இருக்கும். ஏழாவது வளைவுக்கு மேலே அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. பட்டை மணிக்கட்டில் பதிந்து, இரண்டு பக்கமும் சதை எழும்பி நின்றது. விரல்கள் வாழைப்பூ இதழ் மாதிரி உப்பிப் பளபளவென்று இருந்தன. கல்யாண மோதிரம் இருக்கிற இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. "இது எத்தனாவது வளைவு?" என்று கேட்டார். ஏழு என்றேன். பத்தடி போய் அதையே கேட்டார். மறுபடியும் கேட்டார். அப்புறம் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வந்ததெல்லாம் வெறும் தண்ணீர்.

வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்தோம். நினைத்து என்ன செய்தோம்? இன்னும் தண்ணீர் கொடுத்தோம். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டு அரை லிட்டர் குடிக்க வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர், எங்கள் கதையைப் பாதி கேட்டதுமே ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொன்னார். 121. சாதாரணமாக 135க்கு மேல் இருக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.3 என்று ஏறியிருந்தது. மூன்று நாள் ஐசியூவில் இருந்தார். வலிப்பு ஒரு தடவை வந்தது. பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார், பள்ளிக்கூடம் போகிறார். ஓட்டத்தை விட்டுவிட்டார். அவர் மனைவி ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மாத்திரை நீங்க குடுத்ததாண்ணா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மருந்தாளுநர் படிப்பு படித்தவன் முன்பே படித்திருக்க வேண்டியவை அவை. மணிக்கணக்கில் ஓடும்போது, தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை இடும் ஒரு ஹார்மோன் உடம்பில் கூடுகிறது. அந்த நேரத்தில் லிட்டர் லிட்டராகக் குடித்தால் அது சிறுநீராகப் போகாது. ரத்தம் நீர்த்து சோடியம் இறங்கும். தண்ணீர் செல்லுக்குள் புகுந்து உப்ப வைக்கும். விரல் உப்பினால் மோதிரம் இறுகும். மூளை உப்பினால் அது விரிய மண்டை ஓட்டுக்குள் இடமில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அந்த ஹார்மோனின் வேலைக்கு இன்னும் வேகம் கொடுக்கின்றன. போதாததற்கு, மணிக்கணக்கில் ஓடி உடம்பு களைத்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைத்திருக்கும் பொருளையும் தடுத்துவிடுகின்றன. வாத்தியாருக்கு இரண்டு அடியும் ஒரே நாளில் விழுந்தது.

ஓட்டக்காரர்களிடம் இப்படிச் சோடியம் இறங்குவதை முதன்முதலாகக் கண்டது நான் ஓடப்போகும் அதே காம்ரேட்ஸில்தான், 1981இல். அதை ஆராய்ந்து எழுதிய டாக்டர் டிம் நோக்ஸ், தாமே காம்ரேட்ஸ் ஓடியவர். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்குப் 13 பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அந்த 488 பேரில் மூன்று பேருக்கு உயிருக்கு ஆபத்தான அளவு. ஓட ஆரம்பித்தபோது இருந்ததைவிட முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்கள்தான் அதிகம் மாட்டியிருந்தார்கள். மாத்திரை பற்றி 2017இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 80 கிலோமீட்டர் ஓடிய 89 பேரில் சிலருக்கு ஐபுப்ரோஃபென், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஐபுப்ரோஃபென் போட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் அடிபட்டிருந்தது. போடாதவர்களில் 34. பெரும்பாலோருக்கு அது சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் எனக்குச் சரியாகுமா என்பதை ஓடுகிற அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இப்போது என் பயிற்சி நாள்கள் எப்படிப் போகின்றன என்று சொல்கிறேன். கடை அடைக்கப் பத்து ஆகும். மூன்று மணிக்கு எழுந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மேடு, வியாழன் 12 கிலோமீட்டர் மெதுவாக. சனிக்கிழமை நீண்ட ஓட்டம், ஞாயிறு அதே களைத்த காலோடு 20. ஏப்ரல் கடைசியில் ஒரு வாரத்துக்கு 105 கிலோமீட்டர் வரை போனேன். இனிக் கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குறைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஏற்காட்டு மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு என்பதால் நெற்றி விளக்கோடு, தனியாகப் போகாமல், ஏதாவது ஒரு துணையோடுதான் ஏறுகிறேன்.

கடையில் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் எடை பார்க்கும் மிஷின் இருக்கிறது. ஷட்டரைப் பாதி தூக்கி, அதில் ஏறி நின்று எடை குறித்துக்கொண்டு கிளம்புகிறேன். திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறுகிறேன். போன சனிக்கிழமை 68.4இல் போய் 67.1இல் வந்தேன். சரி. கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், அதுதான் நல்லது. ஒருநாள் கால் கிலோ கூடியிருந்தது. அன்று வழியில் யார் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடித்திருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து தாகம் எடுத்தால் மட்டும்தான் குடிக்கிறேன். கூடவே உப்பு போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, கடலை மிட்டாய், வீட்டில் கிளம்பும்போது மோர் ஊற்றிய கம்பங்கூழ். வயிறும் சண்டை போடுவதில்லை.

ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான். ஒரு பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். ஆனால் அதில் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல்தான், ரத்தத்தில் அதே கணக்கில் 140 பக்கம். அதனால் அதையும் அளவு மீறிக் குடித்தால் ரத்தம் நீர்க்கத்தான் செய்யும். டெட்ரா பெட்டியில் வரும் சர்க்கரைப் பானங்களை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வருகிறவர்களில் மறுநாள் ஓடப்போகிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புது டீ-ஷர்ட் பையும் எண் அட்டையும் கையில் இருக்கும். வலி மாத்திரை ஒரு அட்டை, ஸ்ப்ரே ஒன்று என்பார்கள். மாத்திரை கொடுப்பதில்லை. எங்கே வலி, எத்தனை நாளாக என்று கேட்கிறேன். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற அளவுக்கு வலி இருந்தால் அன்றைக்கு ஓட வேண்டாம், எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்கிறேன். சிலர் முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைத்துவிடுகிறது. என் தொழில் நண்பர்களிடம் கேட்பது இதுதான்: அந்த ஒரு சாயங்காலம் மட்டுமாவது கொடுக்காதீர்கள்.

ஓட்டம் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் பிள்ளைகள் அவ்வளவு அன்பாக, "குடிங்க சார், இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்று துரத்தி வந்து கொடுக்கிறார்கள். தாகமா என்று கேட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலுதவி மேஜையில் வலி மாத்திரை வைக்காதீர்கள். யாராவது குழம்பிப் பேசினால், வாந்தி எடுத்தால், மோதிரம் இறுகியிருந்தால், வாயில் தண்ணீர் ஊற்றாமல், தெரியாமல் டிரிப்பும் ஏற்றாமல், முதலில் சோடியம் பார்க்கக்கூடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வெயில் தாக்கியவர்களுக்கும் இதே குழப்பம் வரும். உடம்பு கொதித்தால் குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போங்கள். எது என்று ரத்தம் பார்த்தால்தான் உறுதியாகும். ஓட்டம் முடிந்து சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனாலும் வீட்டில் படுத்துக்கொள்ளக் கூடாது. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைப்பதாக இருக்கலாம்.

ஆசிரியர் ஐயா, உங்கள் பேப்பர் எங்கள் ஊர் டீக்கடை எல்லாவற்றிலும் கிடக்கிறது. ஓட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கு முந்தைய நாள், விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரிக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும். எழுதித் தர நான் தயார். சரிபார்த்துத் தருவதாக, அன்று வாத்தியாரைக் காப்பாற்றிய அந்த டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
கோரிமேடு, சேலம்.