ஆடியிலாவது காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சமுதாயக் கூடத்தின் புதிய வாடகை விதி வந்தபின் இரண்டு நாடகங்கள் போட்டுவிட்டோம். மாலை நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்களுக்குப் பிற்பகல் 3 மணிக்குத்தான் கதவு திறக்கும், அதற்கு முன்னால் உள்ளே நுழைந்தால் முழுநாள் திருமண வாடகை கட்ட வேண்டும் என்கிறது அந்த விதி. இதை மாற்றும்படி மனு கொடுத்தபோது கவுன்டரில் கிடைத்த பதில்: "நாடகத்துக்கு ரெண்டு மைக் கட்டினாப் போதாதா? மூணு மணி நேரம் தாராளமாச்சே." சொன்ன ஊழியர்மீது எங்களுக்குக் கோபமில்லை. நாடகத்தின் முன்வேலையை யாரும் அவருக்குக் காட்டியதில்லை. ஆனால் விதியை எழுதியவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கலாம். கேட்கவில்லை என்பதால் நாங்களே சொல்கிறோம்.

எழுபத்தைந்து நிமிட நாடகம் ஒன்றுக்குக் குறைந்தது பதினெட்டு விளக்குகள் கட்ட வேண்டும். நம் கூடத்தில் விளக்கு தொங்கவிடக் கம்பி கிடையாது. இரண்டு பக்கமும் சாரம் நிறுத்தி, குறுக்கே ஒன்றரை அங்குல ஜிஐ பைப் பூட்டி, ஒவ்வொரு விளக்கையும் கொக்கியில் மாட்டி, கொக்கி நழுவினாலும் விளக்கு விழாதபடி தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி கோத்து, ஒயர் இழுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அடுத்தது ஃபோகஸ். ஒருவர் ஏணியில் நின்று விளக்கைத் திருப்ப, இன்னொருவர் மேடையில் நடிகர் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். ஒளி முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 45 பாகை சாய்வில் விழவேண்டும். தலைக்கு நேர்மேலிருந்து விழுந்தால் கண் இரண்டும் குழியாகத் தெரியும். தாழ்ந்துவிட்டால் நடிகரின் நிழல் பின்திரையில் ஏறிக் கூடவே ஆடும். விளக்குக்கு ஐந்து நிமிடம் என்றாலும் பதினெட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் ஒளியின் அளவைக் குறித்துக்கொள்ள ஒரு மணி நேரம். கடைசியாக, வசனங்களைத் தாண்டித் தாண்டி, விளக்கு மாறும் இடங்களையும் ஒலி வரும் இடங்களையும் மட்டும் நடிகர்களோடு ஓட்டிப் பார்க்கும் ஒத்திகை. அதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. எல்லாம் சேர்ந்து ஆறரை மணி நேரம். வண்டியிலிருந்து சாமான் இறக்குவது, சாப்பாடு, ஒப்பனை எல்லாம் இதற்கு வெளியே.

3 மணிக்குக் கதவு திறந்து 6 மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டால் கையில் இருப்பது மூன்று மணி நேரம். சாரம் ஏற்றவே இரண்டு மணி போய்விடுகிறது. மிச்ச நேரத்தில் ஏணியை நகர்த்திக்கொண்டே ஓடி, பாதி விளக்கைக் கண்ணளவில் திருப்பிவிட்டு இறங்குகிறோம். ஒத்திகைக்கு நேரமே இல்லை. முழு இருட்டு எப்போது வரும், வந்தால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதை நடிகர் பார்வையாளர்கள் முன்னிலையில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார். நம் மேடை மூன்றரை அடி உயரம். விளிம்பில் இருட்டில் ஒளிரும் டேப்பை ஒட்டவும் நேரமில்லாதபோது, ஒரு காலடி தவறினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு காட்சி மாற்றத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்கிறோம்.

மின்சாரத்தில் இன்னும் பெரிய ஆபத்து. மேடைச் சுவரில் இருப்பவை இரண்டே 16 ஆம்பியர் சாக்கெட்டுகள். 1000 வாட் பார் (PAR) மேடை விளக்கு ஒன்று நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ஒரு சாக்கெட்டில் மூன்று விளக்குவரை சரி. நான்காவது ஏறினால் 17 ஆம்பியரைத் தாண்டும். உடனே ட்ரிப் ஆகாது, அதுதான் ஆபத்து. பிளக்கின் கால் மெல்லச் சூடேறி, பிளாஸ்டிக் இளகி, நாடகம் தொடங்கி அரைமணிக்குப் பிறகு கருகல் வாடை வரும். இதைத் தவிர்க்க, கூடத்தின் மும்முனை இணைப்பிலிருந்து உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துத் தனி லைன் எடுத்து, விளக்குகளை அதன் இரண்டு பேஸில் (முனையில்) பிரித்துப்போட்டு, மூன்றாவதை ஒலிக்கென்று ஒதுக்க வேண்டும். டிம்மர் மின் அலையை வெட்டி வெட்டித்தான் ஒளியைக் குறைக்கிறது. அதே பேஸில் ஆம்ப்ளிஃபயரும் இருந்தால் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் கடைசிவரை ஓயாது. டிம்மர்கள் இருப்பதால், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஒயரிலும் தடிமன் குறையக் கூடாது. பேஸ் ஒயருக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். இது நிதானமாக, பகல் வெளிச்சத்தில், இன்னொருவர் சரிபார்த்துச் செய்யவேண்டிய வேலை. மூன்று மணி நேரத்தில் இதை அவசரமாகச் செய்யச் சொல்வது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள்.

இதைவிட எங்களை வருத்துவது வேறொன்று. தன்னார்வக் குழு வளர்வது அந்தக் காலை நேரத்தில்தான். எட்டுப் பேர் தெருமுனையில் பறையடித்து வட்டம் கட்டி நடித்தவரை குழுவுக்கு அரங்கம் தேவைப்படவில்லை. கூட்டம் இருநூறைத் தாண்டியபோது குரல் எட்டவில்லை. அதனால்தான் மேடைக்கு வந்தோம். மேடைக்கு வந்தால் நடிகர்கள் மட்டும் போதாது. விளக்குக்கு, ஒலிக்கு, உடைக்கு, சாமான்களுக்கு, சீட்டுக்கு, கணக்குக்கு என்று ஆள் வேண்டும். எல்லாரும் வேறு வேலை பார்ப்பவர்கள். ஒத்திகைக்கு மாலை ஆறரைக்கு மேல்தான் வருகிறார்கள், நாடக நாளுக்கு மட்டும் விடுப்பு எடுக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஏணியில் எப்படி ஏறுவது, விளக்குக்கு நிறம் தரும் ஜெலட்டின் தாளை எப்படி வெட்டுவது, சூடான விளக்கை எந்த இடத்தில் பிடிப்பது என்று கற்றுக்கொடுக்க வாய்க்கும் ஒரே நேரம் அந்தக் காலைதான். அதைப் பறித்துவிட்டால் பழைய கைகளே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்யும். புதியவர் டீ வாங்கி வருவார், வண்டிக்குக் காவல் நிற்பார். இரண்டு நாடகம் அப்படி நின்றவர் மூன்றாவதற்கு வருவதில்லை. இந்த விதி எங்கள் குழுவின் கழுத்தை நெரிப்பது இந்த இடத்தில்தான்.

ஆகவே கேட்கிறோம்: நாடக நாளன்று காலை 9 மணிக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

திருமணங்களோடு நாங்கள் போட்டிபோடவில்லை. முகூர்த்த நாளைக் கேட்கவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கூடம் பூட்டிக் கிடக்கிறது. அந்த மாதங்களின் வார நாட்களில்கூட நாங்கள் பகல் முழுக்கப் பூட்டிய கேட்டுக்கு வெளியே சாமான் வண்டியோடு நிற்க வேண்டியிருக்கிறது. உள்ளே யாருமில்லை. இதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

கட்டணப் பட்டியலில் வணிக நிகழ்ச்சி என்று எங்களைச் சேர்த்திருப்பதும் சரியல்ல. நாங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த சங்கம். வரவு செலவு அறிக்கையை ஆண்டுதோறும் தாக்கல் செய்கிறோம். 500 ரூபாய் வரையிலான நாடக நுழைவுச்சீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. எங்கள் சீட்டு 100 ரூபாய். வரிச்சட்டம் பார்க்கும் வேறுபாட்டை நகராட்சியின் கட்டணப் பட்டியல் பார்க்க மறுக்கிறது. விண்ணப்பத்தோடு நாடகப் பிரதியின் நகலும் கேட்கிறீர்கள். 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைப் பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. பிறகு எந்த அதிகாரத்தில் பிரதியைக் கேட்கிறீர்கள்? புதிதாகக் கட்டும் கூடங்களிலும் மணமேடை வளைவு இருக்கிறது, பந்தி மண்டபம் இருக்கிறது. நடிகர்கள் மறைந்து நிற்கப் பக்கத் தட்டி இல்லை, கழிப்பறையோடு சேர்ந்த ஒப்பனை அறை இல்லை. நடிக்க வரும் பெண்கள் பாத்திரம் அடுக்கும் அறையில் தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒருவர் பிடித்துக்கொள்ள உடை மாற்றுகிறார்கள். ஊரின் வரிப்பணத்தில் கட்டிய கட்டடத்தில் இது நடக்கிறது.

1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். வேறு தொழில் பார்த்துக்கொண்டு, ஆர்வத்தால் நடித்தவர்களின் சபை அது. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் அவர்களால் நாடகம் போட முடிந்தது. அதுவும் பொதுமக்கள் நன்கொடையில் எழுந்த கட்டடம்தான்.

பொறுத்தருளுங்கள். மனத்தாங்கலில் பேச்சு நீண்டுவிட்டது. கூடத்தை மாற்றிக் கட்டும்படி இந்த மடலில் கேட்கவில்லை. பக்கத் தட்டியையும் ஒப்பனை அறையையும் பிறகு பேசுவோம். காலை 9 மணி முதல் ஆகும் மின்சாரத்துக்கு மீட்டர் கணக்குப்படி நாங்களே பணம் கட்டுகிறோம். காவலாளியின் கூடுதல் நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் தருகிறோம். சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், சாரத்தின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைப்போம். முன்வைப்புத் தொகை உங்களிடமே இருக்கட்டும். அன்று காலை கூடத்துக்கு வேறு பதிவு வந்தால் நாங்களே தேதியை மாற்றிக்கொள்கிறோம்.

அடுத்த நாடகத்துக்கு ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அன்று முகூர்த்தம் இல்லை, கூடத்துக்கு வேறு பதிவும் இல்லை. காலை 9 மணிக்குக் கதவைத் திறக்கும்படி காவலாளிக்கு ஒரு வரி எழுத்தில் தந்தால் போதும். உறுப்பினர்கள் யாரேனும் அந்தக் காலையில் வந்து வேலையை நேரில் பார்க்க விரும்பினால் மிகவும் மகிழ்வோம். பத்து மணிக்கு வந்தால் சாரம் ஏறுவதைப் பார்க்கலாம்.

பணிவுடன்,
நகரின் தன்னார்வ நாடகக் குழுவினர்