அத்தியாயம் முடியாவிட்டாலும் பரவாயில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. எப்போது கூப்பிட்டாலும் "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நீ பத்திரிகை வேலையை விட்டதே அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோபம் இல்லை, வருத்தம் இருக்கிறது.

உன் நாவலிலிருந்து நீ அனுப்பிய முதல் அத்தியாயத்தைப் படித்தேன். ரோந்துக்குக் கிளம்புமுன் அந்தச் சிப்பாய் வயர்லெஸ் பேட்டரியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறானே, குளிரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நீ எழுதாமலே புரிந்தது. இதெல்லாம் யாரோ ஒரு சிப்பாய் பக்கத்தில் நீ உட்கார்ந்து கேட்டு வாங்கியது. பெருமையாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. சொன்னவர் இன்னும் பணியில் இருக்கிறாரா? பெயர், முகாம், படைப்பிரிவு எல்லாவற்றையும் மாற்றிவிடு.

நீ அடிக்கடி சொல்லும் ஆங்கில நாவலாசிரியர் ஃபிரெடெரிக் ஃபோர்சித்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1962-இல், அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுப்பதை எதிர்த்த ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய இயக்கத்தார் பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லப் பார்த்த சமயத்தில் அவர் பாரிஸில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர். அந்த இயக்கத்துக்குள் அரசாங்கத்தின் ஒற்றர்கள் நிறைந்திருந்தார்கள். சரி, யாருக்குமே தெரியாத ஒரு வெளியாளை அமர்த்தினால்? அவருடைய 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவல் பிறந்தது அந்தக் கேள்வியில். நிருபராக இருந்தவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். டி கோல் கொல்லப்படவில்லை என்பது ஊரறிந்த விஷயம், யார் படிப்பார்கள் என்று பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1971-இல் வெளிவந்தது. முடிவு தெரிந்தும் ஜனங்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். போலி பாஸ்போர்ட் எடுக்கும் விதமும் துப்பாக்கி செய்யும் விதமும் அத்தனை துல்லியம். அதனால் வேலையை விட்டாலும் நிருபர் புத்தியை விட்டுவிடாதே. கேட்டு எழுது. சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் எழுது.

அவர் 35 நாளில் எழுதி முடித்தார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! ஆனால் நைஜீரியாவில் நடந்த பியாஃப்ரா போரிலிருந்து கையில் காசில்லாமல் திரும்பித்தான் 1970 ஜனவரியில் எழுத உட்கார்ந்தார் என்பதை நீ ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வரிக்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. வாடகை கட்டுகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கேட்டால் எரிச்சல்படுவாய் என்றுதான் இத்தனை நாள் கேட்கவில்லை.

கடன் மட்டும் வாங்காதே. அப்பா உன் அத்தியாயத்தை எடுத்து வைத்துப் படிக்கிறார், என்னிடம் சொல்வதில்லை. அவரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் என்னிடம் கேள்.

அடுத்த அத்தியாயம் அரைகுறையாக இருந்தாலும் அனுப்பு. படைப்பிரிவின் பெயரை மறக்காமல் மாற்று. அப்புறம், உன் பழைய வங்கிக் கணக்கு இருக்கிறதல்லவா, இந்த வாரம் அதில் கொஞ்சம் போடுகிறேன். திருப்பி அனுப்பிவிடாதே.

அம்மா